சுவரும் மேசையும்: லிட்டில் இந்தியாவில் ஒரு ஞாயிறு

சிங்கப்பூரின் லிட்டில் இந்தியா வட்டாரத்தை அதன் சுவரோவியங்களின் வழியே காண விரும்பும் பயணி ஞாயிற்றுக்கிழமை மாலையைத் தேர்ந்தெடுப்பது நல்லது. வார நாள்களில் கூட்டம் குறைவு, படங்களை ஆற அமர நின்று பார்க்கலாம் என்பதெல்லாம் உண்மையே. ஆயினும் அந்தப் படங்கள் யாரைப் பேசுகின்றன, யாரைப் பேசாமல் விடுகின்றன என்பது தெருவில் மக்கள் நிறைந்திருக்கும்போதுதான் கண்ணில் படும். கட்டுமானத் தளங்களிலும் கப்பல் பட்டறைகளிலும் வாரம் முழுவதும் உழைக்கும் தமிழ்நாட்டு, வங்காளதேச ஊழியர்களுக்குப் பெரும்பாலும் ஞாயிறு ஒன்றே ஓய்வுநாள் என்பதால், நகரின் ஓரங்களில் உள்ள தங்கும் விடுதிகளிலிருந்து அவர்கள் பேருந்திலும் ரயிலிலும் வந்து கூடும் இடமாகத் தேக்கா இருக்கிறது. தேக்கா என்பது சிராங்கூன் சாலையின் தொடக்கத்தில் உள்ள சந்தைக்கும் அதைச் சுற்றிய தெருக்களுக்கும் உள்ளூர்த் தமிழர் வழங்கும் பெயர். லிட்டில் இந்தியா என்பது பயணக் கையேடுகளின் பெயர்.

ரயில் நிலையத்திலிருந்து பஃப்ளோ சாலைக்குள் நுழைந்தவுடன் காய்கறிக் கடைகளும் பூக்கடைகளும் தொடங்குகின்றன. கடைவீடுகளின் முன்புறம், மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்கி நடக்க விடப்பட்டிருக்கும் கூரையிட்ட நடைவழியை இங்குள்ளோர் ஐந்தடி என்பர். அந்த ஐந்தடியில் வாழை இலைக் கட்டும் முருங்கைக்காயும் பாதி வழியை அடைத்திருக்க, மீதி வழியில் புதிய சிம் அட்டையைக் கைப்பேசியில் பொருத்திக்கொண்டிருப்பவரும், ஊருக்குப் பணம் அனுப்பிய ரசீதை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைப்பவரும், காணொளி அழைப்பில் குழந்தைக்குக் கடைத்தெருவைச் சுற்றிக் காட்டுபவரும் நின்றுகொண்டிருப்பார்கள். ரேஸ் கோர்ஸ் சாலையை ஒட்டிய புல்வெளிகளில் ஒரே ஊர்க்காரர்கள் வட்டமாக உட்கார்ந்து, பொட்டலம் பிரித்து, ஒரு வாரப் பேச்சைப் பேசித் தீர்க்கிறார்கள். இந்தக் கூட்டத்தின் நடுவேதான் ஓவியங்கள் இருக்கின்றன.

லிட்டில் இந்தியா கலை நடை எனத் தமிழில் சொல்லத்தக்க சுவரோவியத் திட்டத்தை லாசால் கலைக் கல்லூரியும் சிங்கப்பூர்ப் பயணத்துறைக் கழகமும் 2015 சனவரியில் தொடங்கின. அயர்லாந்தில் பிறந்த துறவியும் சிற்பியுமான ஜோசப் மெக்நாலி 1984இல் நிறுவிய லாசால் கல்லூரி, 2007 முதல் இவ்வட்டாரத்துக்கு மிக அருகில் மெக்நாலி தெருவில் இயங்கிவருவதால், மாணவர்களுக்கும் ஓவியர்களுக்கும் இந்தச் சுவர்கள் நடந்து செல்லும் தொலைவில் இருந்தன. சனவரி மாதக் கலை வாரத்தையொட்டிப் புதிய சுவர்கள் வரையப்படுவதும், இசை, நடனம், கதைசொல்லல் ஆகியவை தெருவிலேயே நிகழ்வதும் வழக்கமாயின. பெலிலியோஸ் சந்தில் சைஃபூல் என்ற பெயரில் வரையும் ஓவியர் தீட்டியுள்ள சுவர் அவற்றுள் பெரிதும் பேசப்படுவது. சலவைத் தொழிலாளி, பூக்கட்டுபவர், கிளிசோதிடர், காகிதக் கூம்பில் வறுத்த கடலை விற்பவர் என இவ்வட்டாரத்தின் பழைய தொழில்கள் அதில் அடர்ந்த நிறங்களில் வரிசையாக நிற்கின்றன. மாடுகளைப் பற்றிய சுவர்களும் உண்டு. பெலிலியோஸ் என்பதே கல்கத்தாவிலிருந்து வந்து இங்கே மாட்டு வணிகம் செய்த ஒருவரின் பெயர் என்பதை அறிந்தால், யூனிஸ் லிம் வரைந்த மாட்டு மந்தை வெறும் அலங்காரமாகத் தோன்றாது. ஹிந்து சாலையில் ஜீரோ என்ற ஓவியர் ரஜினிகாந்தை வரைந்திருக்கிறார். பேருந்து நடத்துநராக இருந்து உயர்ந்த ஒருவரை உழைக்கும் வர்க்கத்தின் நாயகனாகக் காட்டும் அந்தச் சுவரின் முன்தான், ஞாயிறுகளில் ஊழியர்கள் நின்று படம் எடுத்துக்கொள்வதைக் காணலாம். மற்றச் சுவர்களின் முன் நிற்பவர்கள் பெரும்பாலும் சுற்றுலாப் பயணிகள்.

இந்த வேறுபாடு சிறியது போலத் தோன்றினாலும் கட்டுரையின் பொருள் அதில்தான் அடங்கியிருக்கிறது. கலை ஒத்துணர்வை வளர்க்கும் என்று அரசுகளும் அறக்கட்டளைகளும் கல்லூரிகளும் ஒரே குரலில் கூறுகின்றன. ஒத்துணர்வு என்பது, பிறர் துன்பத்தைக் கண்டு மேலிருந்து இரங்குவது அன்று; அவர் நின்ற இடத்தில் தன்னை நிறுத்தி, அவர் கண்ணால் உலகைப் பார்க்க முயல்வது. அப்படியானால், கிளிசோதிடரின் படத்தைப் பார்த்து மனம் நெகிழும் ஒருவர் ஒத்துணர்வு கொள்கிறாரா, அல்லது தம்மை ஒருபோதும் தொந்தரவு செய்ய முடியாத ஒரு கடந்தகாலத்தின்மீது பாசம் கொள்கிறாரா என்ற கேள்வி எழுகிறது. மறைந்துபோன தொழிலாளியை நேசிப்பது எளிது. அவர் ரயிலில் பக்கத்து இருக்கையில் வேலை வாடையோடு உட்கார மாட்டார்.

இதே தெருக்களில் டான் டெங் நியா என்ற சீன மிட்டாய் வணிகர் 1900இல் கட்டிய வீடு இன்றும் நிற்கிறது. கெர்பாவ் சாலையில் உள்ள அந்த வீட்டின் ஒவ்வொரு பலகைக்கும் ஒரு நிறம் பூசப்பட்டிருப்பதால், லிட்டில் இந்தியாவில் மிக அதிகமாகப் படமெடுக்கப்படும் கட்டடம் அதுவாகவே இருக்கக்கூடும். ஆனால் அந்த வானவில் நிறங்கள் 1980களின் சீரமைப்புக்குப் பின் வந்தவை. வணிகர் வாழ்ந்த காலத்து வீடு இப்படி இருக்கவில்லை. வட்டாரம் முழுவதும் 1989இல் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டில்தான், வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடிகளில் ஓர் இனத்தவர் மட்டும் ஒரே கட்டடத்தில் குவிந்துவிடாதபடி விகிதம் வகுக்கும் இன ஒருங்கிணைப்புக் கொள்கையும் நடைமுறைக்கு வந்தது. மின்தூக்கியிலும் அடித்தளத்திலும் தினமும் சந்தித்துக்கொள்ளும் அண்டைவீட்டார் நாளடைவில் ஒருவரையொருவர் அறிந்துகொள்வார்கள் என்பது அக்கொள்கையின் அடிப்படை. ஆனால் கட்டுமானத் துறையில் வேலை அனுமதிச் சீட்டில் இருக்கும் இந்திய, வங்காளதேச ஊழியர் கழக வீட்டை வாடகைக்கு எடுக்க விதிகளில் இடமில்லை என்பதால், அண்டைவீட்டார் என்ற அந்த ஏற்பாட்டுக்குள் அவர் வருவதே இல்லை. சிங்கப்பூரர் அவரைக் காண்பது வேலைத்தளத்தின் தகர வேலிக்கு அப்பால், லாரியின் பின்புறத்தில், அல்லது ஞாயிற்றுக்கிழமை தேக்காவில்.

அமெரிக்க உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954இல் வெளியிட்ட நூலில், வெவ்வேறு குழுவினர் நேரில் பழகுவதால் முன்முடிவுகள் குறையும் என்ற கருத்தை நான்கு நிபந்தனைகளோடு முன்வைத்தார். பழகுவோர் சம நிலையில் இருக்க வேண்டும். பொதுவான நோக்கம் ஒன்று இருக்க வேண்டும். அதற்காக அவர்கள் கூடி உழைக்க வேண்டும். சட்டமோ வழக்கமோ அதிகாரமோ அந்தப் பழக்கத்தை ஆதரிக்க வேண்டும். தொடர்புக் கருதுகோள் எனப்படும் இதனைப் பிற்காலத்தில் தாமஸ் பெட்டிக்ரூவும் லிண்டா டிராப்பும் 515 ஆய்வுகளைத் தொகுத்துச் சோதித்து, 2006இல் வெளியிட்ட முடிவில் பெரும்பாலும் சரியென்றே கண்டனர். வெறுமனே ஒரே தெருவில் நடப்பதற்கும் பழகுவதற்கும் உள்ள இடைவெளியை அளக்க இந்த நான்கு நிபந்தனைகள் நல்ல கருவி. ஞாயிறு மாலைத் தேக்காவை அவற்றின் பக்கத்தில் வைத்தால், முதல் நிபந்தனையிலேயே அது தவறிவிடுகிறது.

2013 டிசம்பர் 8ஆம் நாள் ஞாயிறு இரவு, ரேஸ் கோர்ஸ் சாலையும் ஹேம்ப்ஷயர் சாலையும் சந்திக்கும் இடத்தில், ஊழியர்களை விடுதிக்கு ஏற்றிச்செல்லும் தனியார் பேருந்தின் அடியில் சிக்கித் தமிழ்நாட்டைச் சேர்ந்த 33 வயதுக் கட்டுமான ஊழியர் ஒருவர் உயிரிழந்தார். அதையடுத்து சுமார் 400 பேர் கலவரத்தில் இறங்கினர். காவல்துறை வாகனங்களும் மருத்துவ வாகனமும் கவிழ்க்கப்பட்டன, எரிக்கப்பட்டன. 1969க்குப் பிறகு இத்தகைய பெருங்கலவரத்தைக் காணாத நாடு திகைத்தது. 25 பேர்மீது குற்றம் சாட்டப்பட்டது. 57 பேர் திருப்பி அனுப்பப்பட்டனர். முன்னாள் உச்ச நீதிமன்ற நீதிபதி ஜி. பன்னீர்செல்வம் தலைமையிலான விசாரணைக் குழு 2014இல் அளித்த அறிக்கை, விபத்தைப் பற்றிய தவறான புரிதலையும் மதுவையும் முதன்மைக் காரணங்களாகக் குறிப்பிட்டது. வேலைச் சூழல் குறித்த மனக்குறைதான் கலவரத்துக்குக் காரணம் என்ற வாதத்தை ஏற்கவில்லை. 2015 ஏப்ரல் முதல் பொது இடங்களில் இரவு 10.30க்குப் பின் மது அருந்தத் தடை வந்தது. லிட்டில் இந்தியாவும் கேலாங் வட்டாரமும் கடுமையான கட்டுப்பாட்டுப் பகுதிகளாயின. அதே ஆண்டு சனவரியில்தான் முதல் சுவரோவியங்கள் வரையப்பட்டிருந்தன. கலவரத்தை மறக்கடிக்கவே ஓவியங்கள் வரையப்பட்டன என்று கூறுவது நியாயமன்று, அதற்குச் சான்றும் இல்லை. ஆயினும் கட்டுப்பாடுகளும் வண்ணங்களும் ஏறத்தாழ ஒரே காலத்தில் இத்தெருக்களுக்கு வந்தன என்பதைக் காலவரிசை காட்டுகிறது.

கேம்பல் சந்தில் 2015 மே மாதம் திறக்கப்பட்ட இந்திய மரபுடைமை நிலையம் இன்னொரு வழியைக் காட்டுகிறது. வட இந்தியப் படிக்கிணறுகளின் சாயலில் அமைந்த முகப்பின் பின்னால், இரவில் விளக்கேற்றப்படும்போது நிறமுள்ள சுவர் ஒன்று தெருவுக்குத் தெரியும்படி கட்டப்பட்ட நான்கு மாடிக் கட்டடம் அது. உள்ளே, செட்டிநாட்டு வீடு ஒன்றின் நிலைவாசல் நிற்கிறது. ஆயிரக்கணக்கான சிறு உருவங்கள் செதுக்கப்பட்ட அந்த மரவேலையின் முன் தமிழ்ப் பயணி சற்று நேரம் நிற்பது இயல்பு. ஆனால் இங்கே கவனிக்க வேண்டியது நிலையத்தின் சிறப்புக் கண்காட்சிகள் உருவான முறை. மலாக்கா செட்டிகள் பற்றி 2018இலும், தமிழர் பற்றி 2019இலும், சீக்கியர் பற்றி 2021இலும், மலையாளிகள் பற்றி 2023இலும் நடந்த கண்காட்சிகள் அந்தந்தச் சமூகத்தினரோடு சேர்ந்து உருவாக்கப்பட்டவை. குடும்பங்கள் தம் பெட்டிகளைத் திறந்து நகை, ஆடை, கடிதம், புகைப்படம் ஆகியவற்றைக் கடனாகத் தந்தன. காட்சிப் பொருளின் சொந்தக்காரர் பார்வையாளர்களுள் ஒருவராகக் கூடத்தில் நின்று, தம் பாட்டியின் வளையலைப் பற்றி அயலாருக்குத் தாமே விளக்கும் நிலை அதனால் உண்டாயிற்று. பொருளாக இருந்தவர் பேசுபவராக மாறும் இந்த மாற்றம்தான் முக்கியமானது. இரண்டாண்டு வேலை அனுமதியில் வந்து, விடுதிக் கட்டிலின் அடியில் ஒரு பெட்டியை வைத்திருப்பவருக்குக் காட்டுவதற்குப் பாட்டியின் வளையல் இல்லை என்பது வேறு செய்தி.

பேசுபவராக மாறுவதற்கு முதலில் யாராவது கேட்க வேண்டும். சிங்கப்பூரின் ஓவிய வரலாற்றில் இதை மிக அழகாகக் காட்டும் படம் லிட்டில் இந்தியாவில் இல்லை; பழைய உச்ச நீதிமன்றத்தையும் நகர மண்டபத்தையும் இணைத்து 2015 நவம்பரில் திறக்கப்பட்ட தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. சுவா மியா டீ 1959இல் வரைந்த ‘தேசிய மொழி வகுப்பு’ என்ற எண்ணெய் ஓவியம் அது. சிங்கப்பூர் தன்னாட்சி பெற்ற ஆண்டு அது. மலாய் தேசிய மொழியாக ஏற்கப்பட்டிருந்தது. வட்ட மேசையைச் சுற்றி இளைஞர்கள் புத்தகங்களோடு அமர்ந்திருக்க, மலாய் ஆசிரியர் கரும்பலகையின் அருகே நிற்கிறார். உழைக்கும் மக்களின் வாழ்வை உள்ளபடி வரைய வேண்டும் என்ற சமூக யதார்த்தவாதக் கொள்கையோடு இயங்கிய ஈக்குவேட்டர் கலைச் சங்கத்தைச் சேர்ந்தவர் சுவா. படத்தில் யாரும் யாரையும் அணைத்துக்கொள்ளவில்லை, சிரிக்கவும் இல்லை. ஒருவர் பின்னால் சாய்ந்திருக்கிறார், இன்னொருவர் எழுத்தில் கவனமாக இருக்கிறார். கரும்பலகையில் இரண்டு மலாய்க் கேள்விகள் மட்டும் எழுதப்பட்டிருக்கின்றன. உன் பெயர் என்ன, நீ எங்கே வசிக்கிறாய் என்பவையே அவை. மொழிப் பாடத்தின் முதல் பக்கத்தில் எந்த நாட்டிலும் இருக்கும் இந்தச் சாதாரணக் கேள்விகளின் முன் நீண்ட நேரம் நிற்கத் தோன்றுவதற்குக் காரணம், பல மொழி பேசும் ஒரு துறைமுக நகரத்தில் அவற்றை ஒருவர் மற்றவரிடம் கேட்டுக்கொள்வதே அரசியல் செயலாக இருந்த காலத்தை அப்படம் பிடித்துவைத்திருப்பதுதான்.

சிங்கப்பூர்க் கலைஞர்கள் இந்த மேசையைப் பின்னரும் விடவில்லை. அமண்டா ஹெங் 1996இல் நிகழ்த்திய ‘பேசலாம் வாருங்கள்’ என்னும் பொருள்பட்ட நிகழ்வில், மேசைமீது முளைப்பயறு குவிக்கப்பட்டிருந்தது. வந்தவர்கள் கலைஞரோடு அமர்ந்து, சீன வீடுகளில் பெண்கள் செய்வது போல, முளைகளின் வால்களைக் கிள்ளியபடி தேநீர் அருந்திப் பேசிக்கொண்டிருந்தனர். அந்தப் பேச்சே கலைப்படைப்பு. பார்வையாளரின் கையும் வாயும் சேராமல் படைப்பு முழுமை பெறாத இவ்வகையைப் பங்கேற்புக் கலை என்பர். கை ஒரு வேலையில் இருக்கும்போது வாய் தயக்கமின்றித் திறக்கும் என்பதைப் பூக்கட்டும் தமிழ்ப் பெண்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நாடகத்தில் இதற்கு முன்னோடி, குவோ பாவ் குன் 1988இல் உருவாக்கிய, பூனையைத் தேடும் தாயைப் பற்றிய நாடகம். சிங்கப்பூரில் மேடையேறிய முதல் பன்மொழி நாடகமாகக் கருதப்படும் அதில், ஹொக்கியன் மட்டும் பேசும் முதிய சீனத் தாயும், தமிழ் மட்டும் பேசும் முதியவர் ஒருவரும், இருவருமே தொலைந்த பூனையைத் தேடி அலையும்போது சந்திக்கிறார்கள். ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாது. ஆயினும் சொந்தப் பிள்ளைகளோடு முடியாத உரையாடல் அங்கே கையசைவிலும் குரலிலும் நடந்துவிடுகிறது. தமிழ்நாட்டு நாடக உலகில் இப்படைப்பு அதிகம் பேசப்படாதது வியப்புக்குரியது.

ஒன்றுகூடுதல் என்றாலே ஒத்துணர்வு என்று கருதிவிடவும் முடியாது. 1964ஆம் ஆண்டின் இனக் கலவரத்தை நினைவில் நிறுத்தி 1997 முதல் சூலை 21ஆம் நாள் பள்ளிகளில் இன நல்லிணக்க நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. பிள்ளைகள் ஓர் இனத்தவரின் உடையை மற்றோர் இனத்தவர் அணிந்து மகிழ்கிறார்கள். உடை மாறுவது எளிது என்ற குறை அதன்மீது நெடுநாளாக உண்டு. 2011 ஆகஸ்ட் 21ஆம் நாள் நிகழ்ந்த கறிக்குழம்பு நாள் இன்னும் சிக்கலானது. சீனாவிலிருந்து புதிதாகக் குடியேறிய ஒரு குடும்பம், பக்கத்து வீட்டு இந்தியக் குடும்பம் சமைக்கும் குழம்பின் வாசனையைப் பற்றி முறையிட்டதும், அவர்கள் வீட்டில் இல்லாத நேரத்தில் மட்டுமே குழம்பு வைப்பது என்று சமரச மையத்தில் உடன்பாடு ஏற்பட்டதும் செய்தித்தாளில் வெளிவந்தபோது, நாடே கொதித்தது. அந்த ஞாயிறன்று எல்லோரும் குழம்பு வைத்துப் பகிர்ந்துண்போம் என்ற இணைய அழைப்பில் 50,000க்கும் மேற்பட்டோர் சேர்ந்தனர். சீன, மலாய், இந்திய, யுரேசிய வீடுகளில் ஒரே நாளில் குழம்பு கொதித்தது அழகான காட்சிதான். ஆனால் அந்த உற்சாகத்தில் பாதி அண்டைவீட்டார்மீது கொண்ட அன்பிலிருந்து வந்தது. மறுபாதி புதிதாக வந்தவர்மீது கொண்ட எரிச்சலிலிருந்து வந்தது. உள்ளிருப்போரை இணைத்த அதே குழம்பு வெளியிலிருந்து வந்தவருக்குக் கதவைச் சாத்தியது. அக்குடும்பத்தை யாராவது சாப்பிட அழைத்திருந்தால் அந்த நாள் வேறாக இருந்திருக்கும். மூன்று ஆண்டுகளுக்கு முன், 2008இல், சிராங்கூன் கார்டன்ஸ் குடியிருப்பாளர்கள் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் தம் பகுதியில் ஊழியர் விடுதி வேண்டாமென்று மனுவில் கையெழுத்திட்டதையும் இதனோடு சேர்த்தே நினைக்க வேண்டும்.

ஆரவாரமின்றி நடக்கும் கூடுகைகள் லிட்டில் இந்தியாவின் பின்தெருக்களில் இருக்கின்றன. டிரான்சியன்ட் வொர்க்கர்ஸ் கவுண்ட் டூ என்ற அரசுசாரா அமைப்பு 2008இல் கஃப் சாலையில் உணவுத் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. பின்னர் அது அருகிலுள்ள ரோவெல் சாலைக்கும் பரவியது. வேலையில் காயமுற்றவர்களும் சம்பளப் பாக்கிக்காக வழக்கிட்டவர்களும், வழக்கு முடியும்வரை நாட்டில் தங்கலாம், ஆனால் பொதுவாக வேலை செய்யக் கூடாது என்ற சிறப்பு அனுமதியில் மாதக்கணக்கில் காத்திருக்க நேரிடுவதால், அவர்களுக்கு உணவகங்களில் இலவசச் சாப்பாடு வழங்கப்படுகிறது. திட்டத்தின் பெயர் சாப்பாடு என்றாலும், பதிவேட்டின் அருகே உட்கார்ந்திருக்கும் தொண்டூழியர் பெயரைக் கேட்டு, கட்டுப்போட்ட விரலைப் பார்த்து, வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்று விசாரிக்கும் அந்தச் சில நிமிடங்களே அதன் உயிர். தொண்டூழியரிடம் சோறும் கேள்வியும் இருக்கின்றன, ஊழியரிடம் கதை இருக்கிறது. ஆல்போர்ட் கேட்ட சம நிலை இது அன்று என்றாலும், தெருவில் ஒருவரையொருவர் உரசிக் கடப்பதைவிட எவ்வளவோ மேல்.

சம நிலைக்கு இன்னும் நெருங்கியது அதே ரோவெல் சாலையில் 2011இல் தொடங்கிய திபாஷ்ரம். வங்காள மொழிச் செய்தித்தாள் ஒன்றின் ஆசிரியரான ஏ. கே. எம். மொஹ்சின், வேலையிழந்து காத்திருக்கும் ஊழியர்கள் பகலில் வந்து உட்கார, படிக்க, பாட, கவிதை வாசிக்க அமைத்த இடம் அது. அங்கே கூடியவர்கள் இரக்கத்துக்குரியவர்களாக வரவில்லை. கவிஞர்களாகவும் பாடகர்களாகவும் வந்தார்கள். எழுத்தாளர் சிவாஜி தாஸ் முன்னின்று 2014இல் தொடங்கிய வெளிநாட்டு ஊழியர் கவிதைப் போட்டி, முதல் ஆண்டில் வங்காள மொழிக்கு மட்டும் இருந்து, பின்னர் தமிழ் உள்ளிட்ட பிற மொழிகளுக்கும் விரிந்தது. முதலிரு ஆண்டுகளிலும் முதற்பரிசு பெற்ற ஜாகிர் ஹொசைன் கோகன் கட்டுமானத் துறையில் வேலை செய்தவர். மேடையில் ஊழியர் எழுதியதைக் கீழே அமர்ந்து மேலாளரும் மாணவரும் கேட்பது என்ற அந்த ஏற்பாட்டில், வார நாள்களின் உயர்வு தாழ்வு சில மணி நேரத்துக்குத் தலைகீழாகிறது. கேலாங்கில் சாய் யின்சோ தொடங்கிய பின்சந்து முடிதிருத்தகமும் இவ்வகையில் சேரும். தொண்டூழியர்கள் முடிவெட்டக் கற்றுக்கொண்டு ஊழியர்களுக்கு இலவசமாக வெட்டிவிடுகிறார்கள். கற்றுக்குட்டியின் கத்தரிக்குத் தலையைக் கொடுப்பவரும் ஓரளவு தருமம் செய்கிறவர்தான்.

2020 ஏப்ரலில் கிருமித்தொற்று விடுதிகளுக்குள் புகுந்தபோது இந்தக் கூடுகைகள் அனைத்தும் நின்றன. விடுதிகளில் இருந்த சுமார் 3,23,000 பேரில் 47 விழுக்காட்டினருக்குத் தொற்று வந்துபோயிருந்ததாக அந்த டிசம்பரில் சுகாதார அமைச்சு அறிவித்தது. ஓர் அறையில் எத்தனை பேர் படுக்கிறார்கள் என்பதை நாட்டின் பெரும்பாலோர் அறிந்துகொண்டது அப்போதுதான். சுவரோவியங்கள் வரையப்பட்ட தெருக்களில் ஞாயிறுகள் வெறிச்சோடின. 2021 செப்டம்பரில் வாரத்துக்கு 500 பேர் என்ற அளவில் சோதனை முறையாக வெளியே விடப்பட்டபோது, அவர்கள் அழைத்துச் செல்லப்பட்ட முதல் இடங்களுள் லிட்டில் இந்தியாவும் ஒன்று. 2022 சூனில், ஞாயிறுகளிலும் பொது விடுமுறைகளிலும் இவ்வட்டாரம் உள்ளிட்ட நான்கு இடங்களுக்கு வர விடுதிவாசிகள் தனி அனுமதி பெற வேண்டும் என்ற முறை, நாளொன்றுக்கு 80,000 அனுமதிகளோடு நடைமுறைக்கு வந்தது. சிங்கப்பூரருக்கும் சுற்றுலாப் பயணிக்கும் அந்த அனுமதி தேவைப்படவில்லை.

சுவர்களைக் குறைத்து மதிப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. சென்னையின் கண்ணகி நகரில், நகரின் பல பகுதிகளிலிருந்து அகற்றப்பட்டுக் குடியமர்த்தப்பட்டவர்கள் வாழும் அடுக்குமாடிகளில், ஸ்டார்ட் இந்தியா அமைப்பு 2020இல் பெரும் சுவரோவியங்களை உருவாக்கியது. முகவரியைச் சொன்னாலே வேலை கிடைக்காது என்று மக்கள் குறைபட்டுக்கொண்ட அப்பகுதியின் குழந்தை முகங்கள் பல மாடி உயரத்துக்கு எழுந்தபோது, நகரத்தார் முதன்முறையாக அங்கே வேண்டுமென்றே சென்றனர். அங்கே வரையப்பட்டவர்கள் அங்கேயே வாழ்பவர்கள். தம் முகத்தைப் பார்க்க வந்தவர்களோடு அவர்களால் பேச முடியும். பெலிலியோஸ் சந்தின் கிளிசோதிடரால் அது முடியாது. லிட்டில் இந்தியாவின் ஓவியர்கள் பின்னோக்கிப் பார்த்ததில் தவறில்லை. மரபுடைமையைக் காப்பதற்கும் நினைவு வேண்டும். ஆனால் இன்றைய தேக்காவை ஞாயிறுதோறும் நிரப்புகிறவர்களின் முகம் சுவரில் வரும்போதும், தூரிகையில் ஒன்றாவது அவர்கள் கைக்குப் போகும்போதும்தான் கலை நடை தன் பெயருக்கு உரிய முழுப் பொருளையும் பெறும். அதற்கு லாசால் கல்லூரியிலிருந்து ரோவெல் சாலை நடந்து போகும் தூரம்தான்.

இவ்விடத்தில் தமிழ்நாட்டிலிருந்து செல்லும் பயணியைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. சையது ஆல்வி சாலையின் முஸ்தபா மையத்தில் பொருள் வாங்கி, வீரமாகாளியம்மன் கோயிலில் அர்ச்சனை செய்து, சாப்பாட்டு விடுதியில் மீன்தலைக் கறி உண்டு, வண்ண வீட்டின் முன் படமெடுத்துத் திரும்புவதே பெரும்பாலோரின் ஒருநாள் திட்டம். உள்ளூர் இந்தியர் பலர் ஞாயிறுகளில் தேக்காவைத் தவிர்ப்பது போலவே, அவரும் கூட்டத்தைக் கண்டு ஒதுங்கி நடக்கிறார். சீனக் கலைஞருக்கும் மலாய்க் கலைஞருக்கும் இடையில் மொழி நிற்கிறது, அதைத் தாண்ட அவர்கள் மேசையும் முளைப்பயறும் நாடகமும் தேட வேண்டியிருந்தது. புதுக்கோட்டையிலிருந்தோ தஞ்சையிலிருந்தோ வந்து புல்வெளியில் உட்கார்ந்திருப்பவருக்கும் சென்னையிலிருந்து வந்த பயணிக்கும் நடுவில் அந்தத் தடை இல்லை. இருப்பது வர்க்கம் மட்டுமே. ஆகவே அடுத்த முறை அங்கே செல்லும் தமிழர்கள், ஹிந்து சாலைச் சுவரின் முன் தம் படத்தை எடுத்துத் தரும்படி பக்கத்தில் நிற்பவரிடம் கைப்பேசியை நீட்டும்போது, அவர் பெயரையும் ஊரையும் கேட்டுவிட்டு வருவார்களாக.